சேட்டையும் சேர்க்கையும்: அமெரிக்கப் பள்ளியைக் களமாகக் கொண்டு இளையோர் நாவல் எழுதுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அமெரிக்க உயர்நிலைப் பள்ளியின் கடைசி ஆண்டு. ரகசியமாகச் சேட்டை செய்யும் ஒரு சிறு குழு. அதே பிள்ளைகள்தான் ஹார்வர்டுக்கும் எம்ஐடிக்கும் விண்ணப்பம் நிரப்புகிறார்கள். இந்தக் கருவை எடுத்துக்கொண்டு எழுத உட்காருபவர்களுக்குத் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களுக்கான பதில்கள் இவை.

கதையைச் சேட்டையிலிருந்து தொடங்குவதா, விண்ணப்பத்திலிருந்து தொடங்குவதா?

தேதியிலிருந்து தொடங்குங்கள். இந்த வகை நாவலின் முதுகெலும்பு நாட்காட்டிதான். தலைமையாசிரியரின் நாற்காலியைக் கூரையில் ஏற்றிவைக்கும் ஒரே சேட்டைக்கு அக்டோபரில் ஒரு விலை, ஜனவரியில் ஒரு விலை, ஜூனில் இன்னொரு விலை. அக்டோபரில் மாட்டினால், பரிந்துரைக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கும் ஆசிரியர் பாதியில் பேனாவைக் கீழே வைத்துவிடலாம். ஜனவரியில் மாட்டினால், கல்லூரிக்குப் போகவிருக்கும் இடைக்கால அறிக்கையில் அது ஏறலாம். ஜூனில் மாட்டினால், கையில் இருக்கும் இடமே பறிபோகலாம். எந்தச் சேட்டை எந்த வாரத்தில் என்று முடிவு செய்துவிட்டால் பாதிக் கதை தானாக அமைந்துவிடும். தேதியை முடிவு செய்யாமல் எழுதத் தொடங்கியவர்கள் நடு அத்தியாயங்களில் பதற்றம் கூடாமல் தவிப்பார்கள். மாட்டினால் என்ன இழப்பு என்பது எழுதுபவருக்கே தெரியாதபோது வாசகர் எதற்காகப் பயப்பட வேண்டும்?

அந்த நாட்காட்டி எப்படி இருக்கும்?

ஆகஸ்ட் 1ஆம் தேதி காமன் ஆப் திறக்கும். பல நூறு கல்லூரிகளுக்குப் பொதுவான இணைய விண்ணப்பம் இது. செப்டம்பரில் ஆசிரியர்களிடம் பரிந்துரை கேட்டு மாணவர்கள் நடப்பார்கள். முன்கூட்டிய விண்ணப்பங்களுக்குப் பெரும்பாலும் நவம்பர் 1 கடைசி நாள், சில இடங்களில் நவம்பர் 15. அதன் முடிவு டிசம்பர் நடுவில் வரும். வழக்கமான சுற்றுக்குக் கடைசி நாள் ஜனவரி முதல் வாரத்தை ஒட்டி இருக்கும். ஆக, டிசம்பரில் கை நழுவியவர்களுக்குக் கிறிஸ்துமஸ் விடுமுறை முழுவதும் கட்டுரை எழுதுவதிலேயே கழியும். இது கதைக்கு மிக நல்ல இடம். பள்ளி மூடியிருக்கும், வீட்டில் இறுக்கம், குழுவில் ஒருவருக்கு மட்டும் இடம் கிடைத்திருக்கும்.

ஜனவரி, பிப்ரவரியில் பள்ளியின் கவுன்சிலர் (படிப்புக்கும் கல்லூரி விண்ணப்பத்துக்கும் வழிகாட்டும் ஆலோசகர்) அரையாண்டு மதிப்பெண்களுடன் இடைக்கால அறிக்கையை அனுப்புவார். எம்ஐடி தன் வழக்கமான சுற்று முடிவைப் பல ஆண்டுகளாக மார்ச் 14 அன்று, கணிதத்தின் பை (π, சுமார் 3.14) எண்ணின் நாளில், வெளியிட்டு வருகிறது. ஐவி லீக் எனப்படும் பெயர்பெற்ற தனியார் பல்கலைக்கழகக் குழுவின் 8 பல்கலைக்கழகங்களும் மார்ச் இறுதியில் ஒரே நாளில் முடிவை அறிவிக்கும். எந்தக் கல்லூரியில் சேர்வது என்று மாணவர் பதில் சொல்ல மே 1 வரை அவகாசம். மே மாத முதல் இரண்டு வாரங்கள் ஏபி தேர்வுகள், அதாவது பள்ளியிலேயே எழுதும் கல்லூரித் தரப் பாடத் தேர்வுகள். மே இறுதி முதல் ஜூன் நடுப்பகுதிக்குள் பட்டமளிப்பு. அதற்கு முந்தைய வாரங்கள்தான் சீனியர் ப்ராங்க் காலம், கடைசி ஆண்டு மாணவர்கள் சேர்ந்து செய்யும் வழக்கமான சேட்டைக்கான காலம். பட்டமளிப்பு முடிந்தபின் இறுதி மதிப்பெண் பட்டியல் கல்லூரிக்குப் போகும். கடைசிக் கண்டம் அதுதான். பல நாவல்கள் அதை மறந்துவிட்டு மேடையில் தொப்பியை வீசுவதோடு முடித்துக்கொள்கின்றன.

விண்ணப்பத்தில் உண்மையில் என்னென்ன இருக்கும்?

காமன் ஆப்பில் தன்னைப் பற்றிய ஒரு கட்டுரை உண்டு. குறைந்தது 250 சொல், கூடியது 650. 7 தலைப்புகளில் ஒன்றைத் தேர்வு செய்யலாம், ஏழாவது 'உங்கள் விருப்பம்'. செயல்பாடுகளுக்கு 10 வரிசைகள். ஒவ்வொன்றிலும் பொறுப்பின் பெயருக்கு 50 எழுத்து, அமைப்பின் பெயருக்கு 100, விளக்கத்துக்கு 150. இடைவெளியும் அந்தக் கணக்கில் சேரும். விருதுகளுக்கு 5 இடம். மேலே, பல கல்லூரிகள் தனியாகக் கேட்கும் சிறு கட்டுரைகள். இரண்டு ஆசிரியர் பரிந்துரைகள், கவுன்சிலரின் கடிதம், பள்ளி பற்றிய குறிப்பு, மதிப்பெண் பட்டியல் ஆகியவை பள்ளியிலிருந்து நேராகப் போகும். காமன் ஆப் வழியாக ஒருவர் 20 கல்லூரிகள் வரை விண்ணப்பிக்கலாம். எம்ஐடிக்கு மட்டும் தனி விண்ணப்பம், அது காமன் ஆப்பில் இல்லை. உங்கள் நாயகி காமன் ஆப்பைத் திறந்து எம்ஐடியைத் தேர்வு செய்வதாக எழுதினால் விவரம் தெரிந்த வாசகர் அங்கேயே புத்தகத்தை மூடிவிடுவார்.

அந்த 150 எழுத்துப் பெட்டி நாவலாசிரியருக்குக் கிடைத்த வரம். நான்கு ஆண்டுகள் நள்ளிரவில் பூட்டிய பள்ளிக்குள் கயிறு கட்டி, கப்பி மாட்டி, கணக்குப் போட்டு வேலை செய்த பெண் தன் செயல்பாடுகள் பட்டியலில் உண்மையில் எதில் கெட்டிக்காரி என்பதை எழுத முடியாது. வாரத்துக்கு எத்தனை மணி நேரம், ஆண்டுக்கு எத்தனை வாரம் என்றுகூடப் படிவம் கேட்கிறது. அவள் தலைவியாக இருந்த ஒரே குழுவுக்குப் பெயர் கிடையாது. அந்த வெற்றுப் பெட்டியைத் திரையில் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு பக்கத்தை நிதானமாக எழுதுங்கள்.

எர்லி டிசிஷன், எர்லி ஆக்‌ஷன் வித்தியாசம் கதைக்குத் தேவையா?

மிகவும் தேவை. எர்லி டிசிஷன் என்றால் ஒப்பந்தம். இடம் கிடைத்தால் வந்தே தீருவேன் என்று மாணவரும் பெற்றோரும் கவுன்சிலரும் கையெழுத்திடுவார்கள். நிதியுதவி போதவில்லை என்றால் மட்டும் விலக வழியுண்டு. எர்லி ஆக்‌ஷனில் முடிவு சீக்கிரம் தெரியும், கட்டாயம் இல்லை. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், ஸ்டான்ஃபோர்டு நான்கிலும் கட்டுப்பாடுடன் கூடிய எர்லி ஆக்‌ஷன். சேர வேண்டிய கட்டாயம் இல்லை, ஆனால் அதே நேரத்தில் வேறு தனியார் கல்லூரிகளுக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்கக் கூடாது. சில விதிவிலக்குகள் உண்டு.

கதையில் இதன் பயன் பணத்தில் தெரியும். எர்லி டிசிஷனில் துணிந்து கையெழுத்திடுவது பெரும்பாலும் செலவைப் பற்றிக் கவலைப்படாத குடும்பம். உதவித்தொகைகளை ஒப்பிட்டுப் பார்த்தே முடிவெடுக்க வேண்டிய குடும்பத்தின் பிள்ளை மார்ச் வரை காத்திருப்பான். குழுவில் ஒருத்தி டிசம்பரிலேயே நிம்மதியாகிவிட, இன்னொருவன் அடுத்த மூன்றரை மாதம் தூங்காமல் இருப்பதற்கு இந்த ஒரு காரணம் போதும். அதுவரை சமமாக இருந்த நட்பில் முதல் விரிசல் அங்கே விழும்.

சேட்டையில் மாட்டியது கல்லூரிக்கு எப்படித் தெரியவரும்?

முன்பெல்லாம் காமன் ஆப்பே 'பள்ளியில் ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளானீர்களா' என்று எல்லோரையும் கேட்டது. 2021-22 விண்ணப்ப ஆண்டிலிருந்து அந்தக் கேள்வி பொதுப் பகுதியிலிருந்து நீக்கப்பட்டது. கறுப்பின மாணவர்கள் அப்படிப்பட்ட பதிவு இருப்பதாகத் தெரிவிக்கும் விகிதம் வெள்ளையின மாணவர்களைவிட இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது என்பது அந்த முடிவின்போது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. ஆனால் தனிப்பட்ட கல்லூரிகள் தங்கள் பகுதியில் இன்றும் கேட்கலாம், சில கேட்கவும் செய்கின்றன. எனவே ஒரே நண்பர் குழுவில் ஒருவன் விண்ணப்பிக்கும் கல்லூரி கேட்கும், இன்னொருவன் விண்ணப்பிக்கும் கல்லூரி கேட்காது.

மற்ற வழிகளும் உண்டு. கவுன்சிலரின் கடிதத்தில் சொல்லாமல் விடப்பட்டவை, இடைக்கால அறிக்கை, இறுதி அறிக்கை, உள்ளூர்ச் செய்தித்தாள், சமூக ஊடகப் படம், யாரோ பெயர் போடாமல் அனுப்பும் மின்னஞ்சல். நாவலில் கடைசியாகச் சொன்னதை அளவாகப் பயன்படுத்துங்கள். மர்ம மின்னஞ்சல் வசதியானது, அதனாலேயே சலித்துப்போனது. கவுன்சிலரின் கடிதம் இதைவிட வலிமையான கருவி. பரிந்துரைகளைப் படிக்கும் உரிமையை மாணவர்கள் பெரும்பாலும் கையெழுத்திட்டு விட்டுக்கொடுத்திருப்பார்கள். கவுன்சிலர் என்ன எழுதினார் என்று அவர்களுக்குக் கடைசிவரை தெரியாது. அமெரிக்கப் பள்ளிக் கவுன்சிலர் சங்கம் ஒருவருக்கு 250 மாணவர் என்று பரிந்துரைக்கிறது, பல அரசுப் பள்ளிகளில் அதைவிட அதிகம். உங்கள் கவுன்சிலருக்கு நாயகனின் பெயர் சட்டென்று நினைவுக்கு வராது என்பதும், சேட்டைக்குப் பிறகு நன்றாக நினைவிருக்கும் என்பதும் இரண்டு வெவ்வேறு ஆபத்துகள்.

இன்னொன்று: குழுவில் எல்லோரும் ஒரே தவறைச் செய்தாலும் எல்லோருக்கும் ஒரே தண்டனை கிடைக்காது. மேலே சொன்ன விகிதத்தை மனதில் வைத்துக்கொண்டு, யார் எச்சரிக்கையோடு தப்புகிறார், யார் இடைநீக்கம் ஆகிறார் என்று தீர்மானியுங்கள். இதைத் தொடாமல் இந்தக் கருவில் நேர்மையான நாவல் எழுத முடியாது.

கிடைத்த இடத்தைக் கல்லூரி திரும்பப் பெறுமா? மிகைப்படுத்தல் இல்லையா?

மிகையே இல்லை. 2017இல் ஹார்வர்டு குறைந்தது 10 பேரின் சேர்க்கையை ரத்து செய்தது. சேரவிருந்த மாணவர்கள் சிலர் ஃபேஸ்புக்கில் தனிக்குழு அமைத்து அருவருப்பான மீம்களைப் பகிர்ந்ததுதான் காரணம். தங்களுக்குள் நகைச்சுவை என்று நினைத்துத்தான் பகிர்ந்தார்கள். சேர்க்கைக் கடிதங்கள் நிபந்தனையுடன்தான் வரும். மதிப்பெண் சரிந்தால், விண்ணப்பத்தில் பொய் இருந்தால், நேர்மையையோ முதிர்ச்சியையோ சந்தேகிக்கும்படி நடந்துகொண்டால் திரும்பப் பெறலாம்.

நடைமுறையில் உடனே ரத்து என்பது குறைவு. பெரும்பாலும் முதலில் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். மாணவர் எழுதி அனுப்புவார், பள்ளியிடமும் விசாரிப்பார்கள். அந்த விளக்கக் கடிதம் ஒரு முழு அத்தியாயம் தாங்கும். நவம்பரில் 650 சொல்லில் தன்னை அழகாகக் காட்டியவன், ஜூனில் ஒரு பக்கத்தில் உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும்.

சேட்டைக்கும் குற்றத்துக்கும் நடுவே கோடு எங்கே?

அமெரிக்கப் பள்ளிச் சூழலில் வாசகர் மன்னிக்காத சில உண்டு. பொய்யாகத் தீ அபாய மணியை அடிப்பது பொதுவாகவே குற்றம். வெளியேறும் கதவை மேசை நாற்காலியால் அடைப்பது தீயணைப்பு விதிகளை மீறுவது. இரவில் பூட்டிய கட்டடத்துக்குள் போவது அத்துமீறல். மதிப்பெண் கணினிக்குள் நுழைந்து மாற்றுவது சேட்டைப் பட்டியலிலேயே வராது. தரையில் எண்ணெய் ஊற்றினால் யாருக்காவது எலும்பு முறியும். உயிருள்ள விலங்குகளை விட்டால் அவை சாகும், யாராவது சுத்தம் செய்ய வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேல், துப்பாக்கி. 1999இல் கொலம்பைன் பள்ளியில் நடந்த படுகொலைக்குப் பிறகும், அதன்பின் நடந்த பல தாக்குதல்களுக்குப் பிறகும், அங்கே பிள்ளைகள் லாக்டவுன் ஒத்திகை (வகுப்பறையைப் பூட்டிக்கொண்டு பதுங்கும் பயிற்சி) செய்தே வளர்கிறார்கள். முகமூடி, பட்டாசுச் சத்தம், ஆளில்லாத பை, பொம்மைத் துப்பாக்கி இவற்றில் ஒன்று வந்தாலும் உங்கள் நகைச்சுவைக் காட்சி பயங்கரக் காட்சியாகிவிடும். 1970களில் நடக்கும் கதையில் சிரிக்கவைத்தது இன்று நடக்கும் கதையில் சிரிக்கவைக்காது. கதவுகளுக்குக் கேமரா, ஒற்றை நுழைவாயில், திறந்தால் ஒலிக்கும் மணி என்று கட்டடமும் மாறிவிட்டது. உள்ளே போவதுதான் இன்றைய சேட்டைக்காரரின் முதல் கணக்கு. ஜன்னல் வழியே குதித்தார்கள் என்று ஒரு வரியில் கடந்துவிடாதீர்கள்.

தண்டனைகளைக் கற்பனை செய்யாமல், ஏதாவது ஓர் அரசுப் பள்ளி மாவட்டத்தின் மாணவர் கையேட்டை இணையத்தில் திறந்து படியுங்கள். எந்த மீறலுக்கு எத்தனை நாள் இடைநீக்கம், யாரிடம் மேல்முறையீடு, பட்டமளிப்பு மேடையில் ஏறத் தடை எப்போது என்று நிலை நிலையாக எழுதியிருப்பார்கள்.

நிஜத்தில் நடந்த சேட்டைகளில் எதைப் படித்துப் பார்க்கலாம்?

முதல் இடம் 1961 ஜனவரி 2 ரோஸ் பவுல் சம்பவத்துக்கு. கலிஃபோர்னியாவின் பசடீனாவில் வாஷிங்டன், மின்னசோட்டா பல்கலைக்கழகங்களுக்கு இடையே அமெரிக்கக் கால்பந்து ஆட்டம். இடைவேளையில் வாஷிங்டன் ரசிகர்கள் வண்ண அட்டைகளைத் தூக்கிப்பிடித்து அரங்கில் படங்கள் உருவாக்குவது வழக்கம். பக்கத்திலேயே இருக்கும் கால்டெக் (கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகம்) மாணவர்கள் 14 பேர் சேர்ந்து அதைத் தங்கள் வசப்படுத்தினார்கள். ஒருவர் உள்ளூர்ப் பள்ளிப் பத்திரிகை நிருபர் வேடத்தில் போய், அட்டை வித்தை எப்படி நடக்கிறது என்று அதை நடத்துபவர்களிடமே கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு அவர்கள் தங்கியிருந்த அறையின் பூட்டைத் திறந்து அறிவுறுத்தல் தாள் ஒன்றை எடுத்து, அச்சகத்தில் 2,232 பிரதிகள் அடித்து, ஒவ்வொன்றையும் கையால் திருத்தினார்கள். வாஷிங்டன் குழு டிஸ்னிலேண்டுக்குப் போயிருந்த நேரத்தில் மூலத் தாள்களை மாற்றிவைத்தார்கள். ஆட்டத்தன்று தொலைக்காட்சியில் நாடே பார்க்க, வாஷிங்டனின் சின்னமான ஹஸ்கி நாயின் படத்துக்குப் பதில் கால்டெக்கின் சின்னமான பீவர் என்னும் விலங்கு வந்தது. அடுத்ததில் வாஷிங்டன் அணியின் பெயரான 'ஹஸ்கீஸ்' என்ற சொல் தலைகீழ் வரிசையில் வந்தது. அதற்கடுத்து அரங்கம் முழுக்க 'கால்டெக்'.

இதில் நாவலாசிரியர் கற்றுக்கொள்ள மூன்று இருக்கிறது. தகவல் கேட்டுப் பெறப்பட்டது, பூட்டைத் திறந்த சாகசம் அதில் சிறு பகுதிதான். வேலையின் பெரும்பகுதி அலுப்பானது: இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட தாள், ஒவ்வொன்றாகக் கையால். குறும்பு படிப்படியாக வெளிப்பட்டது; முதல் படம் தவறு போலத் தோன்றியது, இரண்டாவது சந்தேகம், மூன்றாவது விடை. உங்கள் நாவலின் பெரிய சேட்டைக்கும் இந்த மூன்று படி போதும். அத்தோடு, மற்றவர் அறைக்குள் திறந்து போனார்கள் என்பதையும் மறக்காதீர்கள். இன்று ஒரு பதினேழு வயதுப் பிள்ளை அதைச் செய்தால் கதை வேறு திசையில் போகும்.

இரண்டாவது, 1994 மே மாதம் எம்ஐடியின் பெரிய குவிமாடத்தின் மேல் காலையில் தென்பட்ட போலீஸ் கார். முழுக் கார் அல்ல. ஷெவர்லே கவலியரின் வெளிப்புறத் தகடுகளை மரச்சட்டத்தில் பொருத்தி, வளாகக் காவல் வண்டி போல வண்ணம் அடித்திருந்தார்கள். உள்ளே சீருடையில் பொம்மைக் காவலர், பக்கத்தில் டோனட் பெட்டி, கண்ணாடியில் அனுமதியின்றி நிறுத்தியதற்கான அபராதச் சீட்டு. காவல் வண்டிக்குரிய வரிசை எண்ணாகப் பை (π) குறி. அந்தக் கடைசி மூன்று விவரம் இல்லாவிட்டால் அது கூரையில் ஏற்றிய தகரம்தான். டோனட் பெட்டியை யார் யோசித்தது என்ற கேள்வியிலிருந்து ஒரு கதாபாத்திரமே பிறக்கும்.

எம்ஐடி மாணவர்கள் இப்படிப்பட்டவற்றை ஹேக் என்பார்கள். எழுதப்படாத ஒழுங்கும் உண்டு: பாதுகாப்பாக இரு, எதையும் சேதப்படுத்தாதே, திருடாதே, தனியாகப் போகாதே, போதையில் போகாதே, எப்படிப் பிரிப்பது என்று குறிப்பு எழுதி வை. அந்தப் பிரிப்புக் குறிப்பை உங்கள் குழுவுக்கும் கொடுங்கள். அதை எழுதுபவர் யார், எழுத மறுப்பவர் யார் என்பதிலேயே குழுவின் மனசாட்சி தெரிந்துவிடும்.

கதைச் சேட்டையை நம்பும்படி வடிவமைப்பது எப்படி?

கணக்குப் போடுங்கள். எடுத்துக்காட்டாக, தாழ்வாரச் சுவர் முழுக்க ஒட்டுத்தாள் ஒட்டித் தலைமையாசிரியரின் முகத்தை உருவாக்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான சதுரத் தாள் 7.6 சென்டிமீட்டர். இடைவெளி இல்லாமல் ஒட்டினால் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 173 தாள். 20 மீட்டர் நீளம், 2 மீட்டர் உயரச் சுவருக்கு ஏறக்குறைய 6,900. நூறு தாள் கட்டாக வாங்கினால் 69 கட்டு. ஒரு தாளுக்கு 3 விநாடி என்றால் ஒருவருக்கு 5 மணி 45 நிமிடம், ஐந்து பேருக்கு 1 மணி 9 நிமிடம். இதற்குமேல் ஏணி நகர்த்துவது, நிறம் பிரிப்பது, தவறாக ஒட்டியதை மாற்றுவது எல்லாம் சேர்த்தால் இரண்டு மணி நேரம்.

இனி எது கெடும் என்று பாருங்கள். பசை தாளின் மேல் விளிம்பில் மட்டும்தான் இருக்கிறது. தூசி படிந்த சொரசொரப்பான சிமென்ட் கட்டைச் சுவரில் பிடிக்காது, வழவழப்பான லாக்கர் கதவில் பிடிக்கும். காற்றுக்குழாய்க்கு எதிரே ஒட்டியவை விடியுமுன் உதிரும். ஒரே நிறத்தில் 20 கட்டு ஒரே கடையில் வாங்கினால் காசாளர் நினைவில் வைத்திருப்பார். ஆகவே முகத்தின் ஒரு கண் காலை 6 மணிக்குத் தரையில் கிடக்கிறது, துப்புரவுப் பணியாளர் முதலில் பார்க்கிறார். அவர் பெருக்கித் தள்ளுவாரா, எடுத்து ஒட்டுவாரா? இந்தக் கேள்விக்கு வந்துசேர்ந்துவிட்டால் காட்சி கைவசம்.

அந்தப் பணியாளரை மறக்கவே வேண்டாம். சேட்டைக்குப் பின் சுத்தம் செய்பவர் யார் என்று கேட்காத குழுவை வாசகர் நேசிப்பது கடினம். அதிகாரத்தில் இருப்பவரை நோக்கிய சேட்டைக்கும், சம்பளம் குறைந்தவர் தலையில் விடியும் சேட்டைக்கும் உள்ள வித்தியாசம் ஒரு பதினேழு வயதுக்காரருக்குப் புரியும் தருணம், கல்லூரிக் கடிதத்தைவிடப் பெரிய திருப்பமாக அமையலாம்.

செய்த சேட்டையையே விண்ணப்பக் கட்டுரையில் எழுதலாமா?

நிஜத்தில் அபாயம், நாவலில் அருமை. கட்டுரையைப் படிக்கும் சேர்க்கை அதிகாரிக்கு ஒரு கோப்புக்குச் சில நிமிடங்கள்தான். அவர் மனதில் ஓடும் கேள்வி: இந்தப் பிள்ளையை வேறொரு பிள்ளையின் அறைத் தோழராகப் போடலாமா? சாமர்த்தியத்தை மட்டும் காட்டும் கட்டுரை அதில் தோற்கும். இன்னொரு சிக்கல், ஒப்புதல் வாக்குமூலம் எழுதினால் மற்ற நால்வரும் மாட்டுவார்கள். ஒருத்தி யாரையும் கேட்காமல் அந்தக் கட்டுரையை நவம்பர் 1 இரவு 11:58க்கு அனுப்பிவிட்டால், அதன்பின் வரும் ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் எரிபொருள் தயார்.

நாவலுக்குள் கட்டுரையை முழுதாக வைப்பதானால் 650 சொல் வரம்பை மதியுங்கள். ஒரே கட்டுரையின் இரண்டு வரைவுகளை, முதலாவது பெற்றோருக்குப் பிடித்தது, இரண்டாவது உண்மையானது என்று, தள்ளித் தள்ளி வைத்தால் பாத்திரத்தின் வளர்ச்சியைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

பணக்காரப் பிள்ளைக்குச் சுலபமாக இடம் கிடைப்பதை எப்படிக் காட்டுவது?

2019 மார்ச்சில் வெளிவந்த கல்லூரிச் சேர்க்கை லஞ்ச வழக்கு நல்ல அடித்தளம். அமெரிக்க அரசு முதலில் 50 பேர்மீது குற்றம் சாட்டியது, அதில் 33 பேர் பெற்றோர். நடுவில் இருந்த ஆலோசகர் ரிக் சிங்கர், திறமையால் நுழைவது முன்வாசல், பெரும் நன்கொடையால் நுழைவது பின்வாசல், தான் திறப்பது பக்கவாசல் என்று விளக்கியவர். பக்கவாசல் இரண்டு வகை. தேர்வு மையத்தில் விடைத்தாளைத் திருத்தவைப்பது ஒன்று. பயிற்சியாளருக்குப் பணம் கொடுத்து, விளையாடவே தெரியாத பிள்ளையை வீரராகக் காட்டுவது இன்னொன்று. துடுப்புப் பயிற்சி இயந்திரத்தில் உட்காரவைத்துப் படம் எடுத்து அனுப்பியதும் நடந்தது. சிங்கருக்கு 2023 ஜனவரியில் மூன்றரை ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது.

ஆனால் உங்கள் வில்லனைக் குற்றவாளியாக்க அவசரப்படாதீர்கள். சட்டத்துக்கு உட்பட்ட சலுகைகளே போதுமான கோபத்தைத் தரும். முன்னாள் மாணவரின் பிள்ளை என்பதற்கான லெகசி சலுகை அதில் முக்கியம். எம்ஐடியும் கால்டெக்கும் அதைப் பார்ப்பதில்லை, ஹார்வர்டு பார்க்கிறது. ஒரு கல்லூரி எதற்கு எவ்வளவு எடை தருகிறது என்று அறிய அது வெளியிடும் காமன் டேட்டா செட் ஆவணத்தில் சி7 பகுதியைப் பாருங்கள். மறுபக்கமும் உண்டு: 2025-26 முதல் ஆண்டு வருமானம் 2 லட்சம் டாலருக்குள் உள்ள குடும்பங்களுக்குக் கல்விக் கட்டணம் இல்லை என்று ஹார்வர்டு அறிவித்தது. ஏழைப் பிள்ளைக்குப் பணம் கட்ட முடியாததால் ஹார்வர்டு கைநழுவியது என்று எழுதினால் பொருந்தாது. அவனுக்குத் தடையாக இருப்பது அந்தத் தகவலே எட்டாதது, வழிகாட்ட ஆள் இல்லாதது, வேலைக்குப் போவதால் செயல்பாடுகளுக்கு நேரமில்லாதது.

இனம் சார்ந்த சேர்க்கை பற்றி எழுதலாமா?

2023 ஜூன் 29 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஹார்வர்டு, வட கரோலினா பல்கலைக்கழக வழக்குகளில் இனத்தை ஓர் அளவுகோலாகக் கொண்ட சேர்க்கையைச் செல்லாது என்றது. ஆனால் தன் வாழ்க்கையில் இனம் என்ன செய்தது என்று மாணவர் கட்டுரையில் எழுதுவதை அது தடுக்கவில்லை. கதை நடக்கும் ஆண்டு அதற்கு முன்னா பின்னா என்று முடிவு செய்துகொள்ளுங்கள். தேர்வுகளுக்கும் அதே எச்சரிக்கை. பெருந்தொற்றுக் காலத்தில் பல கல்லூரிகள் எஸ்ஏடி என்னும் சேர்க்கைத் தேர்வு கட்டாயமில்லை என்றன. எம்ஐடி 2022இலும், டார்ட்மவுத், ஹார்வர்டு, கால்டெக் போன்றவை 2024இலும் தேர்வைத் திரும்பக் கொண்டுவருவதாக அறிவித்தன. 2024 மார்ச் முதல் அமெரிக்காவில் எஸ்ஏடி கணினியில்தான். பென்சிலால் வட்டம் நிரப்பும் காட்சி அதற்கு முந்தைய கதைக்கே பொருந்தும்.

குழுவில் எத்தனை பேர்?

நான்கு அல்லது ஐந்து. மூன்று பேர் என்றால் காதல் முக்கோணமாகச் சுருங்கும், ஆறுக்கு மேல் போனால் வாசகருக்குப் பெயர் தங்காது. வேலைப் பிரிவினையைவிட விண்ணப்பப் பிரிவினை முக்கியம்: ஒருத்தி எர்லி டிசிஷன், ஒருவன் உதவித்தொகைக்குக் காத்திருப்பவன், ஒருத்தி லெகசி, ஒருவனுக்குக் கல்லூரியே வேண்டாம். அந்தக் கடைசியானவன்தான் பயமில்லாதவன், அதனால் ஆபத்தானவன்.

கடைசியில் இடம் கிடைக்க வேண்டுமா?

2024இல் ஹார்வர்டுக்கு 54,008 பேர் விண்ணப்பித்தார்கள், 1,937 பேருக்கு இடம் கிடைத்தது. 100 பேரில் நாலு பேருக்கும் குறைவு. குழு முழுவதற்கும் கிடைத்தால் வாசகர் நம்ப மாட்டார். எல்லோருக்கும் மறுப்பு என்றால் பாடம் புகட்டுவது போலாகும். காத்திருப்போர் பட்டியலான வெயிட்லிஸ்ட்டைப் பலர் மறக்கிறார்கள். மே 1க்குப் பிறகும் முடிவு தெரியாமல், வேறொரு கல்லூரிக்கு முன்பணம் கட்டிவிட்டு, ஜூனில் சீனியர் ப்ராங்க் நெருங்கும்போது கலந்துகொள்வதா வேண்டாமா என்று தவிக்கும் ஒருவன் போதும். அவனுக்கு வரும் தொலைபேசி அழைப்பு எந்தப் பக்கத்தில் வருகிறது என்பது உங்கள் கையில்.

கையெழுத்துப் பிரதிகளில் அடிக்கடி கண்ணில் படும் தவறுகள்?

ஸ்டான்ஃபோர்டையும் எம்ஐடியையும் ஐவி லீக் என்பது. முடிவு தபாலில் தடித்த உறையாக வருவது. இன்றைய கதையில் அது இணையத்தில், குறிப்பிட்ட மணிக்கு, வகுப்பு முழுக்க ஒரே நேரத்தில் திறக்கப்படும். ஒரு சேர்க்கை அதிகாரி தனியாகத் தீர்ப்புச் சொல்வது. போட்டி கடுமையான கல்லூரிகளில் கோப்பு பலர் கையில் போய்க் குழுவில் பேசப்படும். பதினெட்டு வயதை மறப்பது இன்னும் பெரிது. சீனியர் ஆண்டில் பலருக்கும் 18 நிரம்பிவிடும். பெரும்பாலான மாநிலங்களில் 17 வயதுக்காரர் சிறார் நீதிமன்றத்துக்குப் போவார், 18 நிரம்பியவர் வயது வந்தவராகவே விசாரிக்கப்படுவார். ஒரே இரவில், ஒரே கூரையில், ஒரே கயிற்றைப் பிடித்திருந்த இருவரில் ஒருவருக்குப் பிறந்தநாள் முந்தைய வாரம் வந்திருந்தால் என்ன ஆகும் என்பதை எழுதத் தொடங்கும் முன்பே முடிவு செய்து, எல்லோருடைய பிறந்த தேதியையும் நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்.